பச்சை மேல் மஞ்சள் மூடாது

ஏம்மே,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி நேராகப் போகவில்லை என்று எனக்கே தெரிகிறது. முப்பது வருடம் சுவரில் நூல் பிடிக்காமல் பார்டர் இழுத்த கை, பென்சிலைப் பிடித்தால் மட்டும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் கை மாதிரி நடுங்குகிறது. பிரஷ் பிடித்த பழக்கத்தில் அழுத்திவிடுகிறேன். இரண்டு முறை முனை உடைந்துவிட்டது. 'ழ' போட்டால் வால் கீழே இறங்கி அடுத்த வரி எழுத்தை மிதிக்கிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் முடிகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு பத்தி திங்கட்கிழமை எழுதியதாகவும் அடுத்த பத்தி புதன்கிழமை எழுதியதாகவும் இருக்கும். நீ ஒரே மூச்சில் படித்துக்கொள்.

மேலே உன் பெயரை எழுதலாம் என்றுதான் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அதை வாயால் சொன்னதில்லை. கை மட்டும் எப்படிச் சொல்லும்? வகுப்பில் டீச்சரிடம், "ஏம்மே, அப்படின்னு எப்படிங்க எழுதறது?" என்று கேட்டேன். "அது இன்னா வார்த்தை தாத்தா?" என்றார். "ஒரு ஆளோட பேருங்க" என்றேன். பலகையில் எழுதிக் காட்டினார். மூன்றே எழுத்து. தெருமுனையிலிருந்து நான் கூப்பிட்டால் நாலு வீடு திரும்பிப் பார்க்குமே, அந்தச் சத்தம் இவ்வளவு சின்ன இடத்தில் அடங்கிவிட்டது.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் மேசைமேல் வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். வாசனை மூக்கில் ஏறுகிறது. வீட்டில் எதற்கும் பெயிண்ட் அடிக்கவில்லை. டப்பா ஏன் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் நீ மஸ்கட்டில் இருந்த காலத்துக்குப் போய் வர வேண்டும்.

நான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த வருடம் அது. உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ஏறாத பெயின்டரை யார் கூப்பிடுவார்கள்? மகள் நர்ஸ் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மஸ்கட்டில் ஒரு டாக்டரம்மா வீட்டுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னதும், "நான் போறேன்" என்று நீ எழுந்து நின்றாய். நான் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் உன் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். சரி என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

போனில் பேசினால் வேகமாகக் காசு கரைந்தது. அந்த ஊரில் கம்ப்யூட்டர் வழியாகக் குரல் வராது, எழுத்துத்தான் வரும் என்று சலீம் பாய் சொன்னார். இங்கே ஆஸ்டின் டவுனில் நம் தெருமுனையில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்து, பிறகு அதே கடையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினாரே, அவர்தான். டாக்டரம்மா தன் மகளுடைய கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னை உட்கார விட்டார். நீ கோலார் தங்க வயலில் ஏழாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினாய். எனக்கோ இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. நீ அனுப்புவதைச் சலீம் பாய் படித்துச் சொல்வார். நான் சொல்வதை அவர் தட்டுவார்.

பாவம் மனிதர், நல்லவர். ஆனால் பத்து வருடம் பூத்தில் உட்கார்ந்து, "ஹலோ, கேக்குதா? லைன்ல இருங்க!" என்று கத்திக் கத்தி அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நீ கடைசியில் என்ன எழுதினாயோ, அவர் கடை முழுவதும் கேட்கும்படி படித்தார்: "மேஸ்திரி! வூட்ல முத்தம் அனுப்பி கீறாங்க! நீ எத்தினி அனுப்பணும்? ரெண்டு போடட்டுமா?"

பக்கத்து மிஷின்களில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பால் கடையில் ஒருவன், "இன்னா மேஸ்திரி, மஸ்கட்ல இருந்து பார்சல் வந்துச்சாமே" என்றான்.

நீ ஒரு மாதம் லீவில் வந்தபோது இதைச் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாய். "வாய்யா எங்கூட" என்று கையைப் பிடித்துச் சென்டருக்கு இழுத்துப் போனாய். பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருவரும் உட்கார்ந்தோம். முழங்கால் முழங்காலில் இடித்தது. நீ உன் மிஷினில் தட்டினால் என் மிஷினில் ஜன்னல் திறந்தது. பாய் அதை 'சாட் விண்டோ' என்றார், நமக்கு அது ஜன்னல்தான். அந்த ஜன்னலின் ஓரத்தில் ஒரு குட்டிப் படம் இருந்தது. நீ அதைச் சுட்டிக் காட்டினாய்.

"இது இன்னான்னு சொல்லு."

"பிரஷ்ஷு. ரெண்டு இன்ச்."

"படிச்சிட்டியே!" என்றாய்.

அந்தப் பிரஷ்ஷை அமுக்கினால் சின்னச் சின்னக் கட்டமாக நிறங்கள் விரிந்தன. பெயிண்ட் கடையில் தரும் நம் ஷேடு கார்டு மாதிரியே வரிசை வரிசையாக. ஒரு கட்டத்தை அமுக்கினால் ஜன்னலின் உள்பக்கம் முழுவதும் அந்த நிறம் ஆகிவிடும். எதிரில் இருப்பவருக்கு, 'இந்த நிறம் வேண்டுமா?' என்று கேள்வி போகும். அவர் முதல் பட்டனை அமுக்கினால் அவருடைய ஜன்னலும் அதே நிறம் ஆகிவிடும். மற்றவர்கள் இதை அழகுக்காக வைத்திருந்தார்கள். பூப்படம் போடுவார்கள், மேகம் போடுவார்கள், எழுத்தைச் சாய்ப்பார்கள், வண்ணம் மாற்றுவார்கள். நீதான் அதில் எனக்கு ஒரு அரிச்சுவடி செய்தாய்.

பச்சை என்றால், நல்லா கீறேன், கவலைப்படாதே. நீலம் என்றால், ஆள் வந்துட்டாங்க, ஜன்னலை மூடு. ரோஸ் என்றால், அது பாய் கத்திப் படித்த விஷயம். மஞ்சள் நம் வீட்டு முன்சுவரின் நிறம். நான் கிரீம் அடிக்கலாம் என்று சொல்ல, நீ ஒற்றைக் காலில் நின்று அடிக்க வைத்த மஞ்சள். "நான் மஞ்சள் அடிச்சா, என்னால முடியல, வரட்டுமான்னு கேக்கறேன்னு அர்த்தம். நீயும் மஞ்சள் அடிச்சா, வான்னு அர்த்தம். கெளம்பிடுவேன். நீ பச்சை அடிச்சா, இன்னும் கொஞ்ச நாள் இருன்னு எடுத்துக்கறேன்."

"வாயால கேட்டா இன்னா?"

"நானாதானே போறேன்னு நின்னேன்? வாயால கேக்க எனக்கு வராதுய்யா."

அன்றைக்குக் கட்டங்களின் இடத்தை எனக்குப் பழக்கினாய். முதல் வரிசையில் மூன்றாவது மஞ்சள், இரண்டாவது வரிசையில் நாலாவது பச்சை. கார்டில் இடம் தெரிந்தால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் கை போகும். கடைசியில் நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தைத் திருப்பாமல் ரோஸ் அனுப்பினாய். என் ஜன்னல் ரோஸ் ஆனது. முழங்காலால் ஒரு இடி இடித்தேன். பாய், "அங்க இன்னா சத்தம்?" என்றார்.

நீ திரும்பிப் போன பிறகு முதல் வெள்ளிக்கிழமை பச்சை வந்தது. ஜன்னலை மூடினால் எல்லாம் மறைந்துவிடுகிறதே என்று பாயிடம் ஒரு தாள் அச்செடுத்துத் தரச் சொன்னேன். தாளில் கறுப்புக் கறுப்பாக எழுத்து மட்டும் வந்தது. "கலர் எங்க பாய்?" என்றேன். "இந்தப் பிரின்டருக்கு கறுப்பு மட்டும்தான் மேஸ்திரி" என்றார். எனக்குப் படிக்கத் தெரிந்தது தாளில் வரவில்லை. வந்தது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பிரஷ் நுனியால் தாளின் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்தேன். இனிமேல் இது எந்த நாள் தாள் என்று எனக்குத் தெரியும். ஷேடு கார்டின் மடிப்புக்குள் செருகி வைத்தேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ரோஸ் வந்தது. பின்னால் நின்ற காலேஜ் பெண் ஒருத்தி, "ஏ, தாத்தாவோட விண்டோ பாருடி, பிங்க்!" என்றாள். தாளை வாங்கிக்கொண்டு வந்து ரோஸ் பொட்டு வைத்தேன். ஆனால் அடுத்த வாரம் பாயிடம், "எனக்கு அந்த மூலை மிஷினக் குடு" என்று கேட்டேன். அதற்கு முன்னால் பச்சைத் துணியில் ஒரு கர்ட்டன் தொங்கியது. யார் பார்வையும் படாது. என் வெட்கம்தான் என்னை அந்த மூலைக்குக் கொண்டுபோனது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மூலை மிஷினில் எல்லாமே கொஞ்சம் பச்சை பாய்ந்த மாதிரி இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. டியூப் லைட்டுக்குக் கீழே கிரீம் ஒரு மாதிரித் தெரியும், பல்புக்குக் கீழே வேறு மாதிரித் தெரியும். பச்சைத் திரைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவர்கூடப் பச்சை அடிக்கும். 'கர்ட்டன் நிழல்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் பாயைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். நிறம் தெரிந்தவன் என்பதால் கேட்கவில்லை.

எட்டு வெள்ளிக்கிழமை பச்சை வந்தது. எட்டு முறையும் நான் சந்தோஷமாகப் பச்சை அடித்தேன். நிறம்தான் சொல்லிவிட்டதே என்று, அடியில் இருந்த எழுத்தைப் பாயைப் படிக்கச் சொல்லவில்லை. இரண்டாவது வரிசை, நாலாவது கட்டம். எட்டுத் தாளிலும் பச்சைப் பொட்டு வைத்தேன். நடுவில் இரண்டு தடவை பச்சைக்குப் பிறகு நீலமும் வந்தது. உடனே ஜன்னலை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த வாரம், "அம்மாவை வரச் சொல்லுப்பா, போதும்" என்றாள். எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. உன்னை நானே கூப்பிட வேண்டும் என்று ஷேவ் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். நீ வருவதற்கு முன்பே ஜன்னலைத் திறந்து வைத்தேன். பிரஷ்ஷை அமுக்கினேன். முதல் வரிசை, மூன்றாவது கட்டம். ஜன்னல் பச்சை ஆனது.

கை தவறிவிட்டது என்று மறுபடி அமுக்கினேன். பச்சை. விரலால் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இடம் சரி. நிறம் தப்பு.

"பாய், மஞ்சள் வரமாட்டேங்குது."

கர்ட்டனை விலக்கிக்கொண்டு வந்தார். "மஞ்சள்தானே மேஸ்திரி போட்டு கீற? பேர் போட்டிருக்குது பாரு."

"பேரு எனக்கு எப்பிடித் தெரியும்? பச்சையா கீதே."

"அரே, இந்த மானிட்டர் அப்படித்தான். உள்ள சிவப்பு போயிடுச்சி. சிவப்பு இல்லன்னா மஞ்சள் பச்சையாத் தெரியும், ரோஸ் நீலமாத் தெரியும்."

"எத்தினி நாளா?"

"ஆச்சு, ரெண்டு மாசம் மேலயே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. லெட்டர் தெரியுதில்ல?"

அவர் சொன்னது நியாயம்தான். எழுத்துப் படிக்கிறவர்களுக்கு ஜன்னல் எந்த நிறமாக இருந்தால் என்ன? எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேறு வரும் பாய், மஞ்சள் எப்படி வரும் என்று சண்டை போட்டேன். "டப்பால கலந்தா சேறு மேஸ்திரி. வெளிச்சத்துல கலந்தா மஞ்சள்" என்றார். முப்பது வருடம் நிறம் கலந்தவனுக்கு இது தெரியவில்லை. எட்டு வெள்ளிக்கிழமை நீ மஞ்சள் அடித்திருக்கிறாய். 'வரட்டுமா, வரட்டுமா' என்று எட்டு முறை கேட்டிருக்கிறாய். 'அங்கேயே இரு' என்று எட்டு முறை நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை நீ ரோஸ் அனுப்பியிருக்கிறாய். நான் ஜன்னலை மூடிவிட்டுப் போயிருக்கிறேன்.

பாயே போன் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் அவர் கடையைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"வாம்மே" என்றேன்.

நீ சொன்னாய்: "நேத்துதான்யா கையெழுத்துப் போட்டேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு. எட்டு வாரம் கேட்டுப் பாத்தேன். ஆளுக்கு நான் வேணாம்போலன்னு போட்டுட்டேன்."

"மானிட்டர் கெட்டுப்போச்சும்மே. மஞ்சள் எல்லாம் பச்சையாத் தெரிஞ்சிது."

"மானிட்டரா?" என்றாய். அதை நீ சொன்ன விதம் என் காதில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழைய மூன்றாவது மிஷினில் உட்கார்ந்தேன். அசல் மஞ்சள் வந்தது. நம் முன்சுவர் மாதிரியே இருந்தது. அதற்கு அடியில் நீ நிறைய எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் நீ அவ்வளவு எழுதியதில்லை. பாயைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. திட்டு என்றால் ஊருக்கே கேட்கும். நானும் மஞ்சள் அடித்தேன். தாளை வாங்கிக்கொண்டு வந்து மஞ்சள் பொட்டு வைத்தேன். அன்றைக்குப் பிரஷ்ஷில் பெயிண்ட்டை அதிகமாக எடுத்துவிட்டேன், பொட்டு பெரிதாகி எழுத்தின்மேல் வழிந்துவிட்டது. அதுதான் பதினோராவது தாள், கடைசித் தாள். பிறகு மகள் செல்போன் வாங்கிக் கொடுத்தாள். ஜன்னல் நமக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு வருடம் கழித்து நீ வந்தாய். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "இன்னா மானிட்டரு, நல்லா கீறியா?" என்றாய். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "இன்னா மானிட்டரு, கொழம்புல உப்பு சரியா கீதா, இல்ல அதுவும் பச்சையாத் தெரியுதா?" மகள் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே ஒரு ஆணி இறங்கும். இவள் நம்பவில்லை, நான் மானிட்டர்மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொண்டதாக நினைக்கிறாள், அதைத்தான் இப்படிச் சொல்லிக் காட்டுகிறாள் என்று இருக்கும். ஒரு நாள் உன்னைச் சலீம் பாய் கடைக்கு அழைத்துப் போனேனே, சும்மா இல்லை. அந்த மானிட்டரைக் காட்டத்தான். அதற்குள் அவர் கம்ப்யூட்டரையெல்லாம் எடுத்துவிட்டு செல்போன் கடை வைத்திருந்தார். "அதுவா? அப்பவே குஜிரிக்குப் போயிடுச்சே மேஸ்திரி" என்றார். பழைய சாமானோடு சாமானாகப் போய்விட்டது. நீ வாசலில் நின்று, "சாட்சி ஓடிப்போச்சா?" என்று சிரித்தாய். திரும்பி வரும் வழியில்தான் கவனித்தேன். உன் வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருந்தது. எப்போது வந்தது என்று கேட்டதற்கு, "அது பழசு" என்றாய்.

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாவது நாள் மத்தியானம் என்னைப் பார்த்து, "மானிட்டரு, வூட்டுக்குப் போய் சாப்ட்டு வா" என்றாய். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நீ இல்லை. அந்தப் பெயர்தான் நீ என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது.

அந்தப் பதினோரு தாளையும் மகளிடம் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் படித்திருப்பாள். எப்படிக் கொடுப்பது? அதில் என்னென்ன எழுதியிருக்கிறாயோ. வேறு யார் வாயாலும் அது எனக்கு வர வேண்டாம் என்றுதானே நிறமே வைத்துக்கொண்டோம்? அதனால்தான் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதலில் தமிழ். அது முடிந்ததும் டீச்சரிடம் இங்கிலீஷ் எழுத்தும் கேட்டேன். "எதுக்குத் தாத்தா?" என்றார். "ஜன்னல்ல பார்க்கணும்" என்றேன். ஏதோ பேசுகிறேன் என்று விட்டுவிட்டார்.

தமிழ் தெரிந்த அன்றைக்குத் தெருவில் எல்லாவற்றையும் படித்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ் போர்டு முழுவதும் கன்னடம்! நம் ஊரில் தமிழ் கற்றுக்கொண்டவன் தொம்மலூருக்குப் போகக் கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் காலண்டர் படித்தேன். கோயில் உண்டியலைப் படித்தேன். நான் பல வருடம் அடித்த பெயிண்ட் டப்பாவின்மேல் 'நன்றாகக் கலக்கவும்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அதைத்தானே செய்யறேன்" என்று டப்பாவுக்குப் பதில் சொன்னேன். இவ்வளவு நாள் எல்லாச் சாமானும் வாயை மூடிக்கொண்டு இருந்தது. இப்போது எல்லாம் பேசுகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு ஷேடு கார்டைப் பிரித்தேன். பொய்ப் பச்சைப் பொட்டு வைத்த முதல் தாள். வீ, ஏ, ஏ. இங்கிலீஷ் எழுத்தில் நான் முதன்முதலில் படித்த வார்த்தை அதுதான். வா. அதற்குப் பின்னால் இருந்ததைச் சேர்க்க மூன்று நாள் ஆனது: 'வா என்று சொல்லு.' அவ்வளவுதான் அந்தத் தாளில். இரண்டாவதில், 'இங்க தூக்கம் வரல.' மூன்றாவதில் ஒரு வார்த்தை பிடிபடவே இல்லை. 'கை' தெரிந்தது. மீதியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். 'எண்ணெய் கொட்டி கை சுட்டுகிச்சி.' நீ பழசு என்று சொன்ன தழும்பு அதுதான். பச்சைப் பொட்டு வைத்த தாள். தாளை மேசையில் வைத்துவிட்டு அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு தாள் என்று படித்தேன். பதினோராவது தாளுக்குப் போக எனக்குப் பயம். திட்டியிருப்பாய் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்த தாள். போன வாரம்தான் எடுத்தேன். நீ எழுதியதை இங்கே தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுகிறேன்.

'பாய்கிட்ட போன்ல கேட்டேன். சிவப்பு போச்சின்னு சொன்னாரு. நம்பறேன்யா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. வாக்கு குடுத்துட்டேன், ரெண்டு வருசம் ஓடிடும். ஊருக்கு வந்து உன்ன மானிட்டரு மானிட்டருன்னு கூப்ட்டே சாவடிக்கறேன் பாரு. கோச்சுக்காத. சும்மா வெளையாட்டுக்கு.'

ஏம்மே, இதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ அப்போதே நம்பிவிட்டாய். பாய் எனக்குப் படித்துக் காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாய். முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கேலி செய்திருக்கிறாய். எனக்குத் தெரியும் என்று நினைத்தே சிரித்திருக்கிறாய். நான்தான் ஒவ்வொரு முறையும் உள்ளே சுருங்கியிருக்கிறேன். 'வூட்டுக்குப் போய் சாப்ட்டு வா' என்றதும் அந்த விளையாட்டுப் பெயரோடுதான். இப்போது அந்தப் பெயரை என் நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, நான் வகுப்பு மானிட்டராக ஆசைப்படுகிறேன் என்று நினைத்து, சாக்பீஸ் டப்பாவை என் பொறுப்பில் விட்டுவிட்டார். வகுப்பில் எல்லாரும் என்னை மானிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போது நான் சிரிக்கிறேன். இந்தத் தடவை உள்ளேயும் சேர்த்து.

இனி டப்பாவுக்கு வருகிறேன். அந்த எட்டுத் தாளிலும் இருக்கிற பச்சைப் பொட்டை அப்படியே விட எனக்கு மனம் இல்லை. அது மஞ்சளாக இருக்க வேண்டும். ஆனால் பச்சை மேல் மஞ்சள் மூடாது. எத்தனை கோட் அடித்தாலும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். இன்று காலையில் எட்டுப் பொட்டின்மேலும் வெள்ளை வைத்தேன். ஜன்னலோரம் வரிசையாகக் காய்கின்றன. நாளைக்கே காய்ந்துவிடும். இருந்தாலும் மஞ்சளை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வைப்பேன். அது உன் நேரம்.

கடைசித் தாளில் இன்னும் இரண்டு வரி பாக்கி. அன்றைக்கு நான் வழியவிட்ட மஞ்சள் அதன்மேல்தான் விழுந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் எழுத்து நிழலாகத் தெரிகிறது. முதல் எழுத்து 'ஆர்' மாதிரி இருக்கிறது. ரோஸாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. அவசரப்பட்டு நானே ஒன்றைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அடுத்த வாரம் மஞ்சளும் காய்ந்திருக்கும், அந்த இரண்டு வரியும் தெரிந்திருக்கும், என் 'ழ'வும் கொஞ்சம் அடங்கியிருக்கும். பென்சிலைச் சீவி வைத்துவிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று அப்போது உனக்கே எழுதுகிறேன்.

உன்
மானிட்டரு